வேகமா வரையணுமா, நிதானமா வரையணுமா? ஸ்கெட்ச் பயிற்சியில் கைவேகம் பற்றி ஒரு இழை

கோட்டுப்பையன்:

இந்தக் குழுவுல வாராவாரம் ஏறுற 30 விநாடி, 2 நிமிட ஸ்கெட்ச்களை வரிசையா பார்த்தா ரெண்டு குறைதான் மாறி மாறி வருது. ஒரு வகையில கோடு துணிச்சலா ஓடுது. ஆனா தலை பெருசு, கால் குட்டை, நிக்கிற ஆளு சாஞ்சு விழறாரு. இன்னொரு வகையில அளவெல்லாம் சரி. ஆனா ஒரு கை வரைய அறுபது குட்டிக் கோடு, வைக்கோல் போர் மாதிரி.

முதல் வகைக்கு "நிதானமா வரைங்க", ரெண்டாவதுக்கு "டைமர் வெச்சு வேகமா வரைங்க"ன்னு எழுதிட்டுப் போயிடறோம். அடுத்த வாரமும் அதே குறை. அதனால கேள்வியைப் பிரிச்சுப் போடறேன். கை எவ்வளவு வேகத்துல போகணும்? ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம்? பேனாவுக்கும் தாளுக்கும் இதுல என்ன பங்கு? ஒரு மணி நேரம் கிடைச்சா எந்த வரிசையில வரையறது?

சென்னை ஆட்கள் நிறைய இருக்கறதால உதாரணத்துக்கு எழும்பூர் அருங்காட்சியகத்து வெண்கலச் சிலையையும் மயிலாப்பூர் மாடவீதிக் கூட்டத்தையும் எடுத்துக்கலாம். ஒண்ணு அசையாது, இன்னொண்ணு நிக்கவே நிக்காது. "மனசுல வாங்கி வரைங்க" ரக பதில் மட்டும் வேண்டாம், புண்ணியமாப் போகும்.

கரிக்கோல்:

படத்துக்கான நேரம் வேற, கைவேகம் வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கறதுலதான் எல்லாக் கோளாறும் ஆரம்பிக்குது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 2 நிமிஷம்னா 120 விநாடி. நிக்கிற உருவம் ஒண்ணுக்கு 25 கோடு தாராளம். ஒரு கோட்டுக்கு அரை விநாடின்னு வெச்சாலும் பேனா தாளைத் தொடறது 12, 13 விநாடிதான். மீதி நூத்திச் சொச்சம் விநாடி பார்க்கறதுக்குத்தான் இருக்கு. டைமர் ஓடுதேங்கற பதட்டத்துல 120 விநாடியும் கை ஓடினா 150, 200 கோடு விழும். கண் நிமிர்ந்து ஆளைப் பார்த்துட்டு வரவே நேரம் இருக்காது. முதல் வகைக் குறை அங்கேர்ந்துதான் வருது. கை வேகமாப் போனதால கால் குட்டையாகல, கண் காலைப் பார்க்கவே இல்ல.

ரெண்டாவது வகைக்குக் காரணம் உடம்புல இருக்கு. ஆரோக்கியமான யார் கையும் விநாடிக்கு 8லேர்ந்து 12 தடவை லேசா நடுங்கிக்கிட்டேதான் இருக்கும். 10ன்னு வெச்சுக்கங்க. விநாடிக்கு 2 செ.மீ. வேகத்துல ஒரு நீளக் கோடு இழுத்தா 2 மி.மீ.க்கு ஒரு நெளிவு விழும், அது கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியும். அதே கோட்டை விநாடிக்கு 30 செ.மீ. வேகத்துல இழுத்தா நெளிவு 3 செ.மீ.க்கு ஒண்ணா நீண்டு போயிடும், தெரியவே தெரியாது. நெளிவு தெரிஞ்சதும் பயந்து கோட்டைத் துண்டு துண்டாக்கறாங்க. அப்படித்தான் அந்த வைக்கோல் போர் கோடு பிறக்குது.

வேகமாப் போற கோட்டுக்கும் ஒரு விலை உண்டு. தடம் மாறுதுன்னு கண் பார்த்து, கை திருத்திக்க, பத்துல ஒரு விநாடியிலேர்ந்து கால் விநாடி வரைக்கும் ஆகும். 0.3 விநாடியில முடியற கோட்டை நடுவழியில திருத்த முடியாது. எங்க ஆரம்பம், எங்க முடிவு, எவ்வளவு வளைவுங்கறது பேனா இறங்கறதுக்கு முன்னாடியே முடிவாகியிருக்கணும். அதனால ரெண்டு முனையிலயும் கண்ணுக்குத் தெரியாத அளவு புள்ளி, பேனாவைத் தாளுக்கு அரை செ.மீ. மேல வெச்சு ரெண்டு மூணு வெற்று ஓட்டம், அப்புறம் ஒரே இழுப்பு. இழுக்கும்போது கண் முடிவுப் புள்ளி மேல இருக்கட்டும், பேனா முனை மேல வேண்டாம்.

மாடவீதி:

அந்த 30 செ.மீ. கணக்கு ஏ3 பலகைக்குச் சரி. ஏ5 நோட்டுல 30 செ.மீ. கோடே கிடையாதே சார்? மணிக்கட்டுலயே முடிச்சிடலாமா?

மணிமேடை:

மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. கையின் அடிப்பகுதியைத் தாளில் ஊன்றிக்கொண்டு மணிக்கட்டை மட்டும் அசைத்தால் 5, 6 செ.மீ. நீளத்துக்கு நல்ல வில் கிடைக்கும். அதற்கு மேல் இழுத்தால் கோடு தானாக வளைந்துவிடும், நேர்கோடு வராது. முழங்கையை அச்சாக வைத்தால் 20, 25 செ.மீ. வரை போகலாம். அதையும் தாண்டினால் தோள்.

ஏ5 நோட்டு 21 செ.மீ. உயரம். முழு உயரத்துக்கு ஓர் உருவம் வரைகிறீர்கள் என்றால் கழுத்திலிருந்து பாதம் வரையிலான முதல் கோடே 15 செ.மீ.க்கு மேல் வரும். அது முழங்கையின் வேலை. மணிக்கட்டில் தொடங்கி, 6 செ.மீ.யில் நின்று, கையை நகர்த்தி, மறுபடி தொடங்கினால் நின்ற இடத்தில் ஒரு முறிவு விழும். பலருடைய படங்களில் முட்டிக்கு மேலே, தொடையின் நடுவில், காரணமே இல்லாமல் ஒரு சின்னக் கோணம் இருக்கிறதல்லவா? அது தசையும் அல்ல, துணிமடிப்பும் அல்ல. கை நகர்ந்த இடம். சுண்டுவிரலின் நகத்தை மட்டும் தாளில் படவிட்டு, மற்ற கையைத் தூக்கி வரைந்தால் அந்த முறிவு போய்விடும்.

இன்னொன்று: நோட்டைத் தொடையில் தட்டையாக வைத்து வரையும்போது தாளின் மேல்பகுதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தன்னையறியாமல் மேல்பகுதியை நீட்டி வரைந்துவிடும். பிறகு நிமிர்த்திப் பார்த்தால் தலையும் தோளும் பெரிதாக இருக்கும். "வேகமாக வரைந்ததால் அளவு கெட்டது" என்று பழி டைமர் மேல் விழுகிறது. பலகையை 60 பாகை போல நிமிர்த்திப் பிடியுங்கள். சிலைக்கும் தாளுக்கும் இடையே கண் போய்வரும் தூரமும் குறையும்.

கல்தச்சன்:

வேகத்துக்குக் கொடி பிடிப்பதாகவே இழை போகிறது. மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

ஆனந்த விகடனில் வந்த ஓவியர் சில்பியின் கோவில் சிற்ப ஓவியங்களை எடுத்துப் பாருங்கள். சலங்கை மணி, கேயூரம் (தோள்வளை), கங்கணம், யாளியின் பிடரி என ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கும். 2 நிமிடக் கோடு அதற்குப் பக்கத்தில்கூட வராது. அப்படிப்பட்ட வேலைக்குப் பயிற்சி, விளிம்பை எறும்பு வேகத்தில் தொடர்ந்து வரைவதுதான். பேனா முனை பொருளின் விளிம்பிலேயே ஊர்கிறது என்று கண்ணை நம்பவைத்து, தாளைப் பார்க்காமல், ஒரு உள்ளங்கையை 15 நிமிடத்தில் சுற்றி வர வேண்டும். கோடு நடுங்கும். நடுங்கட்டும். 30 விநாடிக் கோட்டில் கட்டைவிரலின் அடிமேடு ஒரு வளைவாகப் போய்விடும். மெதுவாகப் போகிறவருக்குத்தான் அங்கே மூன்று திருப்பங்கள் இருப்பது தெரியும்.

கரிக்கோல்:

@கல்தச்சன் ஐயா, அந்த 15 நிமிடப் பயிற்சியை நானும் தூக்கிப் பிடிக்கிறவன்தான். அது கண்ணுக்கான பயிற்சி. சிற்ப வேலையில கோடு மெதுவாப் போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? படம் முடிய மணிக்கணக்கு ஆகலாம். ஒவ்வொரு கோடும் மெதுவாத்தான் விழுந்திருக்கணும்னு கட்டாயமில்லையே.

கல்தச்சன்:

நீளக் கோட்டுக்கு உங்கள் கணக்கு சரி. ஆனால் நகைவேலையில் கோடு எவ்வளவு நீளம்? ஒரு சலங்கை மணியின் வளைவு 2 மி.மீ. இருக்கும். அதை விநாடிக்கு 2 செ.மீ. வேகத்தில் இழுத்தாலும் பத்தில் ஒரு விநாடியில் முடிந்துவிடும். நீங்கள் சொன்ன நடுக்கத்தின் ஒரு சுற்றே பத்தில் ஒரு விநாடிதான். நெளிவு தெரிய இடமே இல்லை. எனவே சிறிய கோட்டை மெதுவாக இழுப்பதில் குற்றமில்லை. அங்கே வேகம் காட்டினால்தான் மணி சிதறும். உங்கள் விதியைத் திருத்திக்கொள்ளுங்கள்: நீளக் கோடு வேகமாக, குட்டைக் கோடு மெதுவாக. எந்தக் கோடானாலும் ஒரே அளவு நேரத்தில் முடிப்பதாக நினைத்து இழுத்தாலே பாதி வேலை முடிந்தது.

கரிக்கோல்:

திருத்திட்டேன். என் பதிவை விட இது தெளிவு.

இதோட உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954ல சொன்னதையும் சேர்த்துக்கலாம். கை போக வேண்டிய தூரம் ரெண்டு மடங்கானாலும் சரி, போய்ச் சேர வேண்டிய இலக்கின் அகலம் பாதியானாலும் சரி, எடுத்துக்கற நேரம் ஒரே அளவுதான் கூடும். நமக்கு அதுல என்ன பயன்னா, ஒரு கோட்டின் முடிவு துல்லியமா இருக்கணுமா, சுமாரா இருந்தாப் போதுமான்னு முன்கூட்டியே பிரிச்சுக்கலாம். வேட்டி மடிப்பு கீழே காத்துல முடியலாம், அங்க வேகம். மூக்கு நுனி எங்க முடியுதுங்கறது 1 மி.மீ. விஷயம், அங்க நிதானம்.

மைக்கூடு:

பேனா கேள்வி என் பேட்டை.

ஊற்றுப் பேனா: மெதுவாப் போனா மை அதிகம் இறங்கி கோடு தடிக்கும், வேகமாப் போனா மெலியும். 70 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள்ல நிதானமா வரைஞ்சா மை ஊறி ஓரமெல்லாம் வேர்விடும். பேனா நின்ற இடத்துல ஒரு பொட்டு. இந்தப் பொட்டு ஒரு நல்ல வேவுக்காரன். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க, எங்கெல்லாம் கை தயங்குச்சோ அங்கெல்லாம் மை ஊறி இறங்கியிருக்கும். வளையற முனையோட ஊற்றுப் பேனாவை அழுத்திக்கிட்டே வேகமா இழுத்தா முனை பிளந்து நடுவுல மை அறுந்து, ரயில் தண்டவாளம் போல ரெண்டு கோடா விழும். அழுத்தம் வேணும்னா வேகத்தைக் குறைக்கணும். அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை ஊற்றுப் பேனாவுல ஊத்திடாதீங்க, உள்ளே காஞ்சு பேனாவே போயிடும்.

பிக்மென்ட் லைனர் (நார்முனைப் பேனா) 0.1, 0.2 மி.மீ.: சொரசொரப்பான வாட்டர்கலர் தாள்ல வேகமா இழுத்தா விட்டு விட்டுத்தான் எழுதும், முனையும் சீக்கிரம் மழுங்கும். வேகக் கோட்டுக்கு 0.5 எடுங்க, வழுவழு தாளா இருக்கட்டும்.

ஜெல் பேனா: திடீர்னு வேகமா ஆரம்பிச்சா முதல் ரெண்டு மூணு மி.மீ. மை வராது. காய நேரமாகும், கை பட்டா இழுவும்.

சாதா பால்பாயிண்ட்: வேகப் பயிற்சிக்கு இதைவிடத் தோதானது இல்ல. ஊறாது, லேசா தொட்டா லேசான கோடு, அழுத்தினா அழுத்தமான கோடு. ஒரே தொல்லை, வளைவுகள்ல முனையில மைக்கட்டி சேர்ந்து திடீர்னு ஒரு திட்டு வைக்கும். பத்து கோட்டுக்கு ஒருதரம் துணியில துடைச்சாப் போதும்.

தூரிகைப் பேனா: வேகம், சொரசொரப்புத் தாள், பாதி காய்ந்த முனை மூணும் சேர்ந்தா நடுநடுவே வெள்ளை விட்ட கோடு கிடைக்கும். சீன எழுத்துக்கலையில அதுக்கு "பறக்கும் வெள்ளை"ன்னே பேரு. அது வேணும்னே செய்யறது, பேனா தீர்ந்து போச்சுன்னு தூக்கிப் போட்றாதீங்க.

பென்சில்ல வேகப் பயிற்சின்னா 4பியோ 6பியோ எடுத்து, ஈயம் ஒன்றரை செ.மீ. வெளியே தெரியற மாதிரி கத்தியால சீவி, பக்கவாட்டுல பிடிங்க. தாள் நியூஸ்பிரிண்ட் ஏ3. மலிவா இருக்கணும், விலை உயர்ந்த நோட்டுல யார் கையும் வேகமாப் போகாது.

நிழல்கணக்கு:

சிலை பற்றிப் பேசியாச்சு. வெளியில் உட்கார்ந்து வரைபவர்களுக்கு டைமரை நாம் வைப்பதில்லை, வெயில் வைக்கிறது.

மார்ச் 21 வாக்கில் சென்னையில் காலை 8.15க்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 29 பாகை உயரத்தில் இருக்கும். நிழல், பொருளின் உயரத்தைப் போல 1.8 மடங்கு. 9.15க்குச் சூரியன் 43, 44 பாகைக்கு ஏறிவிடும். நிழல் ஏறக்குறைய உயரத்துக்குச் சமம். ஒரே மணி நேரத்தில் நிழல் இவ்வளவு சுருங்கினால், இடமிருந்து வலமாக நிதானமாக வரைந்துகொண்டு போகிறவர் படத்தில் இடப்பக்கத்துக்கு ஒரு சூரியன், வலப்பக்கத்துக்கு வேறொரு சூரியன் இருக்கும். கோபுரத்தில் இது அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் கோபுரத்தைக் கோபுரமாகக் காட்டுவதே ஒவ்வொரு நிலையின் (அடுக்கின்) கபோதத்துக்கும் (வளைந்த கூரை விளிம்புக்கும்) கீழே விழும் நிழல்பட்டைதான்.

அதனால் வரிசை இப்படி: முதல் 3 நிமிடம் உச்சி, அடி, இரு ஓரச் சாய்வு, எத்தனை நிலை என்ற எண்ணிக்கை. அடுத்த 5 நிமிடத்துக்குள் எல்லா நிழலின் எல்லையையும் மெல்லிய கோட்டால் சுற்றி ஓரத்தில் மணியைக் குறித்துவிட வேண்டும். இதில் தயவுதாட்சண்யம் இல்லாத வேகம் தேவை. அப்புறம் ஒரு மணி நேரம் ஆனாலும் கவலையில்லை. நிழல் நகர்ந்தாலும் நீங்கள் பூட்டியதை மாற்றாதீர்கள். சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக வரைய ஆரம்பித்தால் இரண்டாம் நிலையிலேயே பொழுது போய்விடும். கிட்டத்தில் உள்ள இரண்டு மூன்றை வரைந்து, மற்றவற்றை நிழல் புள்ளிகளாக விட்டால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

கூட்டத்துக்கு வேறு கணக்கு. சாதாரணமாக நடக்கிறவர் விநாடிக்கு 1.3 மீட்டர் போல போவார். 10 மீட்டர் அகலம் பார்வையில் இருந்தால் அவர் உங்களுக்கு 8 விநாடிதான் சொந்தம். எட்டு விநாடியில் ஒரு ஆளை வரைய முடியாது. ஆனால் இடது அடி, வலது அடி சேர்ந்து ஒரு விநாடிதான், அதே நிலை எட்டு முறை திரும்பி வருகிறது. மூன்று சுற்று பார்த்து, கால்கள் மிக அகலமாக விரிந்திருக்கும் நிலையை மட்டும் பிடித்துக்கொண்டு, அவர் போன பிறகு வரையுங்கள். அடுத்து வருகிறவரின் பையையும் சட்டையையும் அவருக்கு மாட்டிவிடலாம். யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

பூக்கட்டுகிறவர், டீ ஆற்றுகிறவர், காய் நிறுக்கிறவர் எல்லாம் வரம். கை எங்கே போனாலும் பழைய இடத்துக்கு வந்தே தீரும். ஒரே தாளில் இரண்டு மூன்று நிலைகளைத் தொடங்கி வைத்து, எந்த நிலை திரும்பி வருகிறதோ அதற்குத் தாவுங்கள். கண்மட்டக் கோடு ஒன்றை முதலிலேயே போட்டுவிட்டால் இன்னும் நேரம் மிச்சம்: சமதரையில் நீங்கள் நின்றுகொண்டிருந்தால் கிட்டத்தில் உள்ளவர், தூரத்தில் உள்ளவர் எல்லார் தலையும் அந்தக் கோட்டை ஒட்டியே வரும். முக்காலியில் உட்கார்ந்தால் கோடு அவர்களுடைய இடுப்புக்குச் சற்று மேலே வெட்டும். தலையை எங்கே வைப்பது என்று ஒவ்வொருவருக்கும் யோசிக்க வேண்டாம்.

மாடவீதி:

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் தாளைப் பார்க்காமலே, அசையற மாடலை வரைஞ்சாராமே? அதுவும் இந்த வகைதானா?

கல்தச்சன்:

ஆம். மாடல்களை நிறுத்திவைக்காமல் நடமாடவிட்டு, அவர்களிடமிருந்து கண்ணை எடுக்காமல் பென்சிலை ஓடவிட்டார்; பிறகு அவற்றில் பலவற்றுக்கு நீர்வண்ணப் பூச்சு கொடுத்தார். அவருக்கு அப்போது உருவ அமைப்பு கையிலேயே ஊறியிருந்தது. தொடங்குகிறவர் அதைப் பின்பற்றினால் தாளில் நூல்கண்டுதான் மிஞ்சும்.

கண்ணாடித்திரை:

டேப்லெட்ல வரையறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. திரையில சாய்வான கோட்டை மெதுவா இழுத்தா வர்ற படிக்கட்டு நெளிவு எல்லாமே உங்க கை இல்ல. பல கருவிகளோட உணர்திரையே மெதுவான சாய்கோட்டை அப்படித்தான் படிக்கும். ஒரு ஸ்கேலைத் திரை மேல வெச்சு மெதுவா இழுத்துப் பாருங்க. அப்பவும் நெளிஞ்சா குற்றம் கருவி மேல.

கோட்டைச் சமன்செய்யற வசதியை (ஸ்டெபிலைசர், ஸ்ட்ரீம்லைன், செயலிக்கு ஒரு பேரு) பயிற்சி நேரத்துல அணைச்சிடுங்க. அளவை ஏத்த ஏத்த கோடு பேனாவுக்குப் பின்னாடி இழுபட்டு வரும், கூர்மையான மூலையெல்லாம் உருண்டு போகும். முக்கியமா, வேகம் கூட்டினா கோடு நேராகுதாங்கறது தெரியவே தெரியாது.

பெருசாக்கற பழக்கமும் வேகத்தைக் கெடுக்கும். 300 சதவீதத்துல வெச்சு 9 செ.மீ. கை ஓட்டுனா படத்துல 3 செ.மீ.தான். தோள் வேலை பண்ணின மாதிரி இருக்கும், படத்துல குட்டிக் கோடாத்தான் சேரும். வேகப் பயிற்சி 100 சதவீதத்துல மட்டும். அண்டூ பட்டனைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கோட்டுப்பையன்:

சரி, வேகம் கெடுத்ததா பார்வை கெடுத்ததான்னு ஒருத்தர் தன் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி இருக்கா? இங்க கருத்துச் சொல்றவங்க எல்லாருமே ஊகத்துலதான் சொல்றாங்க.

மணிமேடை:

இருக்கிறது. அசையாத ஒரே பொருளை, ஒரே இடத்திலிருந்து, மூன்று முறை வரையுங்கள். முதல் தாள் நேர வரம்பில்லாமல். இரண்டாவது 2 நிமிடம். மூன்றாவதும் 2 நிமிடம்தான். ஆனால் முதல் 60 விநாடி பேனாவைத் தொடக்கூடாது, பார்ப்பது மட்டும். மூன்றிலும் உருவம் ஏறத்தாழ ஒரே உயரம் இருக்கட்டும், 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

நேர வரம்பில்லாத தாளிலேயே அளவு தவறியிருந்தால் வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அளந்து வரையும் பழக்கம் இல்லை என்று பொருள். முதல் தாள் சரி, இரண்டாவது தவறு, மூன்றாவது மறுபடி சரி என்றால் குறை பார்வை நேரத்தில். மூன்றாவதும் தவறினால், பார்த்ததை ஒரு நிமிடம் நினைவில் நிறுத்துவதில் சிக்கல். அவர்கள் 60 விநாடியை மொத்தமாகப் பார்க்காமல், 10 விநாடி பார்வை, 10 விநாடி கோடு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்று தாளிலும் அளவு சரி, கோடு மட்டும் நெளிகிறது என்றால்தான் கைப்பயிற்சி.

சரிபார்க்க, வரைந்த இடத்திலேயே கண் உயரத்தில் போனை வைத்து ஒரு படம் எடுத்து ஒப்பிடலாம். அகலக் கோண லென்ஸ் வேண்டாம், ஓரங்களை இழுத்துவிடும்.

எழும்பூர் வெண்கலங்களில் இன்னொரு வசதி உண்டு. சிற்ப நூல்களின் உத்தம தச தாளம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 அங்குலம் (இஞ்ச் அல்ல, சிலையின் உயரத்தையே பிரித்த பங்கு). உச்சியிலிருந்து தொடைகள் பிரியும் இடம் வரை 62, அங்கிருந்து பாதம் வரை 62. நின்ற கோலத்துச் சிலை முன் வந்ததும் உச்சிக்கு ஒரு கோடு, பாதத்துக்கு ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு. மூன்றும் சேர்ந்து 5 விநாடி. கிரீடத்தையும் பீடத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது, அங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். திரிபங்கச் சிலையானால் (உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்பது) கழுத்துக்குழியிலிருந்து ஒரு தூக்குநூலைக் கற்பனையில் விடுங்கள். எடை தாங்கும் காலின் கணுக்காலுக்குப் பக்கத்தில் இறங்கும். அந்தக் காலின் பக்கம் இடுப்பு ஏறியிருக்கும், அதே பக்கத் தோள் இறங்கியிருக்கும். இந்த இரண்டு சாய்வும் தூக்குநூலும் விழுந்துவிட்டால் மீதியை எவ்வளவு வேகமாக வரைந்தாலும் சிலை நிற்கும். கோட்டுப்பையன் முதல் பதிவில் சொன்ன "சாஞ்சு விழற" ஆள்களுக்கெல்லாம் இந்தத் தூக்குநூல் இல்லாததுதான் குறை.

கரிக்கோல்:

கைப்பயிற்சி தேவைன்னு தெரிஞ்சவங்களுக்கு: 10 செ.மீ. இடைவெளியில ரெண்டு புள்ளி. போன்ல மெட்ரோனோம் (தாளம் தட்டற செயலி) 60ல வைங்க, ஒரு தட்டுக்கு ஒரு விநாடி. ஒரு கோடு ரெண்டு தட்டுல, அப்புறம் ஒரு தட்டுல, அரைத் தட்டுல, கால் தட்டுல. ஒவ்வொரு வேகத்துக்கும் 20 கோடு. ஸ்கேலால முடிவுப் புள்ளியிலேர்ந்து எவ்வளவு விலகியிருக்குன்னு பாருங்க. மெதுவானதுல நெளிவு இருக்கும், விலகல் இருக்காது. வேகமானதுல நெளிவு இருக்காது, விலகல் இருக்கும். பாதிக்கு மேல 3 மி.மீ.யைத் தாண்டி விலகற வேகம் எதுவோ அதுக்கு ஒரு படி கீழதான் பயிற்சி வேகம். கிடைக்கோடு, செங்குத்து, ரெண்டு சாய்வு, நாலு திசைக்கும் தனித்தனியாப் பாருங்க. ஒரே கைக்கே திசைக்குத் திசை வித்தியாசம் வரும்.

பானை வாய், சக்கரம் மாதிரி நீள்வட்டத்துக்கு மெதுவான வேகமே வேண்டாம். ரெண்டு ஓரமும் கூர்ந்து எலுமிச்சையாப் போயிடும். காத்துல ரெண்டு சுத்து, தாள்ல ரெண்டு சுத்து, நிறுத்தாம.

பயிற்சிக்கு முன்னாடி ஃபில்டர் காபி வேண்டாம். காஃபின் அந்த நடுக்கத்தைக் கூட்டும், கை சோர்ந்தாலும் கூடும். இதைச் சொன்னா இந்தக் குழுவுல பாதிப் பேர் விலகிடுவாங்கன்னு தெரியும்.

மைக்கூடு:

காபியை விடச் சொல்றதுக்கு பதிலா தோள்லேர்ந்து வரையச் சொல்லுங்க சார் :)

கோட்டுப்பையன்:

இப்ப வரிசை. வழக்கமா மாடல் வெச்சு வரையற வகுப்புகள்ல 30 விநாடியில ஆரம்பிச்சு 1, 2, 5, 20 நிமிஷம்னு ஏத்திக்கிட்டே போவாங்க. அதுதான் சரியா?

மணிமேடை:

ஏற்கெனவே உருவம் கையில் உள்ளவர்களுக்கு அந்த வரிசை சரி; 30 விநாடி அவர்களுக்கு வார்ம்-அப். புதியவர்களுக்கு அது தீங்கு என்பேன். பார்க்கும் பழக்கம் வருவதற்குள் 30 விநாடியில் விட்டால், தலைக்கு முட்டை, கைக்கு இரண்டு குச்சி என்று மனதில் உள்ள சின்னங்களைத்தான் கை கொட்டும். பத்துப் படத்தில் அது பழக்கமாகவே இறுகிவிடும்.

புதியவரின் ஒரு மணி நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதலில் 10 நிமிடம், கல்தச்சன் சொன்ன எறும்பு வேக விளிம்புக்கோடு, தாளைப் பார்க்காமல். பிறகு 5 நிமிடப் படம் மூன்று. அதற்குப் பிறகு 2 நிமிடப் படம் ஆறு, ஒவ்வொன்றிலும் முதல் 20 விநாடி பேனா தாளைத் தொடாமல். அடுத்து 30 விநாடிப் படம் எட்டு. அதில் தலை, தூக்குநூல், இரண்டு சாய்வு, எடை தாங்கும் கால் தவிர எதுவும் வேண்டாம், முகம் கூடவே கூடாது. கடைசியில் 5 நிமிடப் படம் இரண்டு. இடையில் தாள் மாற்றவும் கை உதறவும் போக, மணி நேரம் தீர்ந்துவிடும். கடைசி இரண்டையும் ஆரம்பத்து 5 நிமிடப் படங்களோடு அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் அன்றைய மதிப்பெண்.

கல்தச்சன்:

30 விநாடி எட்டு என்பதை நான்காகக் குறைத்து, அந்த நேரத்தை விளிம்புக்கோட்டுக்குத் தந்தால் எனக்குச் சம்மதம்.

மணிமேடை:

தருகிறேன், ஆனால் மாடவீதிக்குப் போகிற வாரத்தில் எட்டுதான்.

நிழல்கணக்கு:

விரலில் வலி எடுக்கிறவர்கள் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். வரைந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் பேனாவை மேலே பிடித்து இழுத்தால் எதிர்ப்பில்லாமல் கழன்று வர வேண்டும். மரத்துப்போகிற உணர்வு இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இடதுகை:

எல்லாரும் வலதுகைக் கணக்கே சொல்றீங்க. இடதுகைக்காரங்களுக்கு வேகக்கோடு எந்தத் திசையில நல்லா வரும்? ஜெல் பேனாவுல எல்லாம் இழுவிப் போகுதே?

மைக்கூடு:

இடது முழங்கையை அச்சா வெச்சா, இடப்பக்க மேல்மூலையிலேர்ந்து வலப்பக்கக் கீழ்மூலைக்குப் போற சாய்வுக்கோடு உங்களுக்கு இயல்பா வரும்; வலதுகைக்காரங்களுக்கு அதுக்கு நேர் எதிர்ச் சாய்வு. நிழல்கோடுகளை அந்தச் சாய்வுலயே போடுங்க. எதிர்ச் சாய்வு வேணும்னா கையை மடக்காம நோட்டைத் திருப்பிக்கங்க. கிடைக்கோட்டை வலமிருந்து இடமா இழுங்க. தள்ளற கோட்டை விட இழுக்கற கோடு நிலையா வரும், முனையும் தாள்ல குத்தாது. தாள்ல வேலையை வலப்பக்க மேல்மூலையில ஆரம்பிச்சு இடப்பக்கமா நகருங்க, ஈர மை மேல கை படாது. ஜெல்லை ஓரமா வெச்சுட்டு பால்பாயிண்ட் எடுங்க. லைனர்னா ஒரு கைக்குட்டை அளவு தாளைக் கைக்கு அடியில போட்டுக்கங்க. மழைக்கால ஈரத்துல மேல நீர்வண்ணம் பூசறதா இருந்தா மை காயக் கூடுதலாப் பத்து நிமிஷம் விடுங்க. ஓரத்துல ஒரு சோதனைக்கோடு போட்டு, ஈர விரலால தேய்ச்சுப் பார்த்துட்டுப் பூசுங்க.

இடதுகை:

வலப்பக்க மேல்மூலை. நோட் பண்ணிக்கிட்டேன். தூக்குநூல் முதல்ல போடணும்னா அது தாளோட நடுவுல வருமே, அப்ப?

மைக்கூடு:

அது மட்டும் முதல்லயே பென்சில்ல, லேசாக் கோடு விழற 2எச்.